மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குப் பின் உதிரம்: கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வைகைக்கரையாள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இது என் அம்மாவைப் பற்றிய கேள்வி. அவருக்கு வயது 61. மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நெடுநாளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினும் தினமும் உண்டு. சற்றே பருத்த உடல்வாகு. சித்திரையில் ஒருநாள் உள்பாவாடையில் ரத்தக்கறை பட்டிருந்ததைப் பார்த்தவர், உடம்புச் சூடாக இருக்கும் என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு, எங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். ஆடி பிறந்ததும் மறுபடியும் பட்டது. இந்த முறை சில நாட்கள் விட்டுவிட்டு நீடித்ததால் என்னிடம் சொன்னார்.

அருகிலுள்ள மருத்துவர் ரத்தம் நிற்பதற்கு மாத்திரை கொடுத்தார், நின்றும் விட்டது. வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனில், கர்ப்பப்பையின் உட்சவ்வு 9 மில்லிமீட்டர் தடித்திருப்பதாகவும், சிறிய ஃபைப்ராய்டு கட்டி ஒன்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, இந்த வயதில் கர்ப்பப்பையால் பயன் ஒன்றுமில்லை, வேறு பரிசோதனைகளுக்குச் செலவழிப்பதைவிட எடுத்துவிடுவதே நல்லது என்று சொல்லி, அடுத்த வாரமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொன்னார்கள். வேறொரு மருத்துவரோ யோனி வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனும், உட்சவ்விலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிக்கும் சதைப் பரிசோதனையும் செய்யாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்கிறார். உறவினர்கள், உதிரம்தான் நின்றுவிட்டதே, எதற்கு இந்த வயதில் அவரை இழுத்தடிக்கிறாய் என்கிறார்கள். அம்மாவுக்கு உள்பரிசோதனை என்றாலே கூச்சமும் பயமும்.

இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது முறையானது? எப்படியும் கர்ப்பப்பையை எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே சதையை எடுத்துப் பார்ப்பதால் என்ன மாறிவிடும்? அறிந்தவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

மகளிர் மருத்துவர், ஓய்வு:

உங்கள் தாயாரின் ஸ்கேன் அறிக்கையைப் பார்க்காமலும் அவரைப் பரிசோதிக்காமலும் நான் நோயைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் எந்த வரிசையில் காரணத்தைத் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். அந்த வரிசையைப் பார்த்தால், இரண்டாவது மருத்துவர் சொன்னதே முறை என்பது உங்களுக்கே விளங்கும்.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்த பிறகு படும் உதிரம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அது ஒரே ஒரு நாள் பட்ட பழுப்புக் கறையாக இருந்தாலும், காரணம் கண்டறியப்பட வேண்டிய ஒன்று. அது நின்றுவிட்டது என்பது எதற்கும் சான்று ஆகாது. கர்ப்பப்பைப் புற்றுநோயில் வரும் உதிரமும் விட்டுவிட்டுத்தான் வரும். நடுவில் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில்கூட, ஒன்றுமில்லாமல் இருக்கும். ரத்தத்தை நிறுத்தும் மாத்திரையால் நின்றதென்றால், அந்த மாத்திரை வேலை செய்தது என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியவில்லை. உறவினர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் நோய் முற்றிய நிலையில் வந்த பெண்களில் பலர், முதல் கறை பட்ட நாளை நன்றாக நினைவு வைத்திருந்தவர்கள். அது நின்றுவிட்டதால் வராமல் இருந்தவர்கள்.

அதே வேளையில் வீண் அச்சமும் வேண்டாம். உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, இவ்வாறு உதிரம் கண்டு மருத்துவரிடம் வரும் 100 பெண்களில் சுமார் 9 பேருக்குத்தான் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. எஞ்சியவர்களில் பெரும்பாலோருக்கு, ஈஸ்ட்ரோஜென் எனும் பெண் ஹார்மோன் குறைந்ததால் சவ்வு மெலிந்து வறண்டு கசிவதோ, பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியோதான் காரணம். ஆனால் அதே கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள்: உட்சவ்வுப் புற்றுநோய் கண்ட பெண்களில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு, மாதவிடாய் நின்ற பின் உதிரம் பட்டிருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே உதிரத்தின் வழியே தன்னை அறிவித்துவிடுகிறது. அந்த நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பான்மையோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். இவ்வளவு முன்கூட்டியே எச்சரிக்கும் புற்றுநோய்கள் குறைவு. அதனால்தான் அந்த எச்சரிக்கையை மாத்திரையால் வாயடைக்கக் கூடாது என்கிறேன்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் சில இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பின் சினைப்பை ஈஸ்ட்ரோஜெனைப் பெரும்பாலும் சுரப்பதில்லை. ஆனால் உடலின் கொழுப்புத் திசு வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிக்கொண்டே இருக்கும். உட்சவ்வை வளர்க்கும் அந்த ஈஸ்ட்ரோஜெனை அடக்கிவைக்க வேண்டிய புரோஜெஸ்டிரோன் எனும் ஹார்மோன் இந்த வயதில் இல்லை. ஆகவே பருமனும் சர்க்கரை நோயும் உள்ள பெண்களின் உட்சவ்வு, மெலிவதற்குப் பதிலாகத் தடிக்க வாய்ப்பு அதிகம்.

இனி வரிசைக்கு வருகிறேன். முதல் கேள்வி, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. உள்பாவாடையில் கறை பட்டதென்றால் அது கர்ப்பப்பையிலிருந்துதான் வந்தது என்று வயதான பெண்ணிடம் கொள்ள முடியாது. சிறுநீரில் கலந்து வந்திருக்கலாம், மூலத்திலிருந்து வந்திருக்கலாம், மெலிந்த யோனிச் சுவரில் ஏற்பட்ட கீறலாக இருக்கலாம், கர்ப்பப்பை கீழிறங்கிய பெண்களுக்கு, வெளியே வந்த பகுதி துணியில் உரசிப் புண்ணாகியிருக்கலாம். நம் கிராமங்களில் இந்தக் கடைசிக் காரணத்தை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் அடி இறங்கியிருப்பதைப் பல ஆண்டுகளாகச் சொல்லாமலே வாழ்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கர்ப்பப்பை வாய். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகக் காணப்படுவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான். அதைச் சாதாரண ஸ்கேன் காட்டாமல் போகலாம். ஸ்பெகுலம் எனும் கருவியை வைத்து, வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் ஸ்கேனுக்கு மட்டும் எழுதிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கர்ப்பப்பை வாயில் கண்ணுக்குத் தெரியும் புண்ணோ வளர்ச்சியோ இருந்தால், மேற்பரப்பின் செல்களைத் தடவி எடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியர் எடுத்து அதன் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த இடத்திலிருந்தே சதை எடுத்து அனுப்ப வேண்டும், ஏனெனில் முற்றிய புற்றுப்புண்ணில் பாப் ஸ்மியர் தவறாக இயல்பு என்று காட்டக்கூடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் பாப் ஸ்மியரோ, வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாப் ஸ்மியர் இயல்பாக இருப்பதை வைத்துக் கர்ப்பப்பையின் உள்ளே ஒன்றுமில்லை என்று கொள்ளக் கூடாது. அது வாயைப் பற்றிய பரிசோதனை, உட்சவ்வைப் பற்றியது அன்று.

அடுத்தது உள்வழி ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில், அதுவும் பருத்த உடலில், உட்சவ்வின் தடிமனை நம்பகமாக அளக்க முடிவதில்லை. உள்வழி ஸ்கேனில் சவ்வு முழுவதும் தெளிவாகத் தெரிந்து, அது 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், புற்றுநோய் இல்லை என்பதை 99 விழுக்காட்டுக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என்பது அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர் கல்லூரியின் 2018 வழிகாட்டுதல். முதல்முறையாக உதிரம் பட்ட பெண்ணுக்கு அப்படி இருந்தால் சதைப் பரிசோதனையின்றிக் கவனித்து வரலாம். ஆனால் சவ்வு மெல்லியதாக இருந்தும் உதிரம் திரும்பத் திரும்பப் பட்டால் சதை எடுத்தே தீர வேண்டும், ஏனெனில் மெல்லிய சவ்விலும் வளரும் சில அரிய, வீரியம் மிகுந்த புற்றுநோய் வகைகள் உண்டு. ஃபைப்ராய்டு மறைத்து சவ்வு சரியாகத் தெரியாவிட்டாலும் அப்படியே. தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கேள்வியே இல்லை.

ஆகவே 9 என்ற அளவு வயிற்று ஸ்கேனில் வந்திருந்தாலும், இருமுறை உதிரம் பட்ட, சர்க்கரை நோயும் பருமனும் உள்ள 61 வயதுப் பெண்ணுக்குச் சதைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பிரிட்டனில் 55 வயதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பின் உதிரம் பட்டால், புற்றுநோய் ஐயத்துக்கான விரைவு வழியில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. நள்ளிரவில் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போடும் விஷயமும் இல்லை. பெருக்கெடுத்து, தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்படியும் எடுக்கத்தானே போகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதுதான் நீங்கள் கேட்டவற்றுள் மிக முக்கியமானது. முதலாவதாக, எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். மெலிந்த சவ்வுக்கோ பாலிப்புக்கோ கர்ப்பப்பையை எடுப்பதில்லை. சர்க்கரையும் இதயப் பிரச்சினையும் உள்ளவருக்கு மயக்க மருந்தும் பெரிய அறுவையும் சிறிய விஷயங்கள் அல்ல. இரண்டாவதாக, உட்சவ்வில் புற்றுநோய் இருந்தால் செய்ய வேண்டிய அறுவை வேறு. அதில் சினைக்குழாய்களையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். வயிற்றுக்குள் மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும். தேவைக்கேற்ப நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதிக்க வேண்டும். இதைப் புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்றவர் செய்வதே நல்லது. தெரியாமல் வெறும் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் புற்றுநோய் என்று அறிக்கை வந்தால், நோய் எவ்வளவு பரவியிருந்தது என்ற கேள்விக்கு விடையில்லாமல் போய், இரண்டாம் அறுவைக்கோ தேவைக்கு மேற்பட்ட கதிர்வீச்சுக்கோ போக நேரும். மூன்றாவது, இவற்றுள் மிகக் கொடியது: கர்ப்பப்பை வாயில் பரவும் புற்றுநோய் இருப்பதை அறியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், அந்த நோய்க்குரிய முறையான சிகிச்சையின் வாய்ப்பே குலைந்துபோகிறது. அப்படி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பெகுலம் வைத்துப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் அவர்களுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

கொங்குநாட்டு வாசகி:

மருத்துவர் அம்மா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இதே பாதையில் நடந்தவள் என்ற முறையில், உங்கள் அம்மாவிடம் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு 58 வயதில் உதிரம் பட்டது. உள்வழி ஸ்கேனில் சவ்வு தடித்திருந்ததால், பைபெல் எனும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, உறிஞ்சி, சதையை எடுத்தார்கள். மூன்று மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். மயக்க மருந்து இல்லை, மருத்துவமனையில் தங்கவும் இல்லை. புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வலிக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இளவயதில் மாதவிடாயின்போது அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்குமே, அந்த வலி பலமாக வந்து, குழாயை எடுத்ததும் மெல்ல அடங்கியது. ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மறுநாளே சமையலறையில் நின்றேன்.

அறிக்கையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். ஆனால் சில மாதங்களில் மறுபடியும் பட்டது. அறிக்கை நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் வாளாவிருக்க நினைத்தபோது, என் மருத்துவர் ஒப்பவில்லை. குழாய் கண்ணில்லாமல் எடுக்கிறது, அது தொடாத மூலையில் ஏதேனும் இருந்தால் சதையில் வராது என்று சொல்லி, ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தார். நுண்ணிய கேமராவைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, உப்பு நீரால் அதை விரித்து, திரையில் பார்க்கிறார்கள். ஒரு பாலிப் காம்பு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முழுமையாக நீக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், சாதாரணமானதுதான். கர்ப்பப்பை என்னிடமே இருக்கிறது, அதன்பின் உதிரம் படவில்லை.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனையின்போது பெண் மருத்துவரே வேண்டும் என்றும், மகளோ ஒரு செவிலியரோ உடன் நிற்க வேண்டும் என்றும் கேட்பது நோயாளியின் உரிமை. நான் கேட்டேன்; யாரும் முகம் சுளிக்கவில்லை. வலித்தால் நிறுத்தச் சொல்லலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டதும் பெரிய தைரியமாக இருந்தது.

நோய்க்குறியியல் ஆய்வகத்திலிருந்து:

சதைத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் பணியில் இருப்பவன் நான். அறிக்கையைக் கையில் வாங்கியபின் வீடுகளில் நேரும் குழப்பத்தைக் கருதி இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலாவது, “ஆய்வுக்குப் போதிய சதை இல்லை” என்ற அறிக்கை. இதை இயல்பான முடிவு என்று பலர் எடுத்துக்கொண்டு கோப்பில் வைத்துவிடுகிறார்கள். உட்சவ்வு மெலிந்த பெண்ணிடம் எடுக்கவே சதை இல்லாதபோது இப்படி வருவது எதிர்பார்க்கத்தக்கதே. ஸ்கேனில் 3 மில்லிமீட்டர் என்றிருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் ஸ்கேன் 9 என்று சொல்லும்போது போதிய சதை இல்லை என்றால், ஒன்று குழாய் சரியான இடத்தை எட்டவில்லை, அல்லது தடித்துத் தெரிந்தது குழாய்க்கு அகப்படாத பாலிப். இரண்டில் எதுவாக இருந்தாலும் தேடல் முடியவில்லை என்றே பொருள். அடுத்த படியாக ஹிஸ்டரோஸ்கோப்பிக்குச் செல்ல வேண்டும். வயது கூடும்போது கர்ப்பப்பை வாய் சுருங்கி, குழாயே உள்ளே நுழையாமல் போவதும் உண்டு. அங்கும் அதுவே வழி. அப்படி வாய் அடைத்த சிலருக்குக் கர்ப்பப்பைக்குள் சீழ் கட்டியிருக்கும். அந்தச் சீழை வெளியேற்றுவதோடு நில்லாமல், அதற்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, “ஹைப்பர்பிளேசியா”, அதாவது உட்சவ்வின் மிகை வளர்ச்சி. அறிக்கையில் இந்தச் சொல் இருந்தால், அதற்கு அடுத்து வரும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் இதை இரண்டே வகையாகப் பிரித்தது. செல்களின் உருவில் பிறழ்வு (அறிக்கையில் “அடிபியா”) இல்லாத வகை, 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தாலோ, அந்த மருந்தைக் கர்ப்பப்பைக்குள் மெல்லக் கசியவிடும் சாதனத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். பிறழ்வு உள்ள வகையின் கதையே வேறு. அந்த அறிக்கையோடு எங்களிடம் வரும் கர்ப்பப்பைகளில் கணிசமானவற்றில், பக்கத்திலேயே புற்றுநோய் ஏற்கெனவே தொடங்கியிருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே மாதவிடாய் நின்றவருக்கு அந்த வகை இருந்தால் கர்ப்பப்பையை எடுப்பதே பொதுவான பரிந்துரை.

பாலிப் அறிக்கையில் பெரும்பாலும் அச்சப்பட ஒன்றுமிருக்காது. ஆயினும் மாதவிடாய் நின்ற பின் உதிரத்தோடு வரும் பாலிப்பை, இளம்பெண்ணின் பாலிப்பைப் போல இலகுவாக விட்டுவிடாமல், முழுமையாக எடுத்துச் சோதிப்பது வழக்கம்.

பாலாற்றங்கரை:

இந்தத் திரியைப் படிப்பவர்களில் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிபென் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் இருந்தால், அவர்களுக்காக ஒரு குறிப்பு. என் மூத்த சகோதரிக்காக இதையெல்லாம் கேட்டறிந்தேன். டமாக்ஸிபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜெனைத் தடுத்தாலும் கர்ப்பப்பை உட்சவ்வில் ஈஸ்ட்ரோஜெனைப் போலவே செயல்படுகிறது. அதனால் ஸ்கேனில் சவ்வு தடித்தே தெரியும். 4 மில்லிமீட்டர் என்ற அளவுகோல் இவர்களுக்குப் பயன்படாது. உதிரம் படாதவரை வெறும் தடிமனைக் கண்டு பதற வேண்டியதில்லை, ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கவும் தேவையில்லை என்றார்கள். ஆனால் ஒரு துளி பட்டாலும் சதைப் பரிசோதனை வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வைகைக்கரையாள்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கொங்குநாட்டு அக்காவின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, நீ பக்கத்தில் நிற்பதானால் வருகிறேன் என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஸ்பெகுலம் வைத்துப் பார்த்ததில் கர்ப்பப்பை வாய் நன்றாக இருப்பதாகவும், யோனிச் சுவர் சற்று மெலிந்திருப்பதாகவும் சொன்னார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தம் இல்லை. உள்வழி ஸ்கேனில் சவ்வு 8 மில்லிமீட்டர், அதுவும் ஒருபக்கம் மட்டும் புடைத்தாற்போல் இருக்கிறதாம். ஆகவே குழாய்வழி எடுப்பதற்குப் பதிலாக நேரடியாக ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து, பார்த்தபடியே சதை எடுக்கலாம் என்று அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்கும் மருந்தாயிற்றே, இத்தனைக்கும் அதுவே காரணமாக இருக்கலாமே என்று என் தம்பி கேட்கிறான். யோனிச் சுவர் மெலிந்திருப்பதால்தான் ரத்தம் வந்தது என்று இப்போதே முடிவு செய்துகொள்ள முடியாதா? எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டால் இந்தக் கருவிகளையெல்லாம் உள்ளே விடாமலே தெரிந்துகொள்ளலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

மகளிர் மருத்துவர், ஓய்வு:

உங்கள் அம்மா இசைந்ததே பெரிய செய்தி. அங்குள்ள மருத்துவர்கள் எடுத்த முடிவு மிகச் சரியானது; ஒருபக்கம் மட்டும் புடைத்திருக்கும்போது குறிபார்த்து எடுப்பதுதான் பயன் தரும்.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள், ஏற்கெனவே கசியக்கூடிய இடம் ஒன்று இருந்தால் அந்தக் கசிவைக் கூட்டிக் காட்டும். கசிவதற்கு அந்த இடம் ஏன் இருக்கிறது என்பதற்கு அவை விடையல்ல. ஆகவே ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கும் மற்றவர்களுக்குச் செய்யும் அதே பரிசோதனைகளை முழுமையாகச் செய்ய வேண்டும். எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றான பிறகே மாத்திரையின் மேல் பழியைப் போடலாம். இன்னொன்று: அடுத்த வாரச் சிகிச்சையை எண்ணி நீங்களாக ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும். வெறும் வயிற்றில் வரச் சொல்லும் நாளில் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்பதையும் அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெலிந்த யோனிச் சுவர் உங்கள் அம்மாவின் வயதில் பெரும்பாலோருக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த முதல் காரணத்தோடு தேடலை நிறுத்திக்கொள்வதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு. கர்ப்பப்பைக்குள் 8 மில்லிமீட்டர் சவ்வு இருக்கும்போது, வெளியே உள்ள மெலிவை வைத்து முடிவுகட்ட இயலாது. ஒரே பெண்ணுக்கு இரண்டு காரணங்களும் சேர்ந்திருப்பதுண்டு. உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு, அந்த வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜென் களிம்பைக் குறைந்த அளவில் உள்ளே தடவக் கொடுப்பார்கள். நல்ல பலன் தரும். காரணம் தெரியும் முன் அதைத் தொடங்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. பற்றிச் சொன்னவர் வரிசையை மாற்றிச் சொல்கிறார். புற்றுநோய் என்று சதையில் உறுதியான பிறகு, அது கர்ப்பப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. பயன்படும். சதையைப் பார்க்காமல் அது புற்றுநோயா இல்லையா என்பதை எம்.ஆர்.ஐ. முடிவுசெய்யாது. சி.ஏ. 125 போன்ற ரத்தப் பரிசோதனைகளும் அப்படித்தான்: தொடக்கநிலை உட்சவ்வுப் புற்றுநோயில் அவை இயல்பாகவே இருக்கக்கூடும், சாதாரண ஃபைப்ராய்டில் சில நேரம் கூடியும் இருக்கும். இப்போது எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் ஹீமோகுளோபின், சர்க்கரை, மயக்க மருந்துக்குத் தேவையானவை, அவ்வளவே.

மருத்துவமனைக்குப் போகும்போது, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவின் உடன்பிறந்தவர்கள், பெற்றோர் ஆகியோரில் யாருக்காவது 50 வயதுக்கு முன் குடல் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ வந்ததுண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். லிஞ்ச் நோய்க்கூறு என்ற மரபுவழிக் குறைபாடுள்ள குடும்பங்களில் இவ்விரண்டும் சேர்ந்து வரும். அது தெரிந்தால் அம்மாவோடு உங்களையும் உங்கள் தம்பியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கும்.

சதையின் அறிக்கை வர ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ ஆகலாம். அறிக்கையின் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், அதை ஹிஸ்டரோஸ்கோப்பி செய்த மருத்துவரிடமே காட்டி, அவர் கண்ணால் பார்த்ததும் அறிக்கையில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். அறுவை தேவை என்று வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவைகள் அடங்கும் என்பதால், குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நல்லபடியாக, சாதாரணப் பாலிப் என்றே வந்தாலும், பிற்பாடு உதிரம் மறுபடி பட்டால் அதைப் புதிய உதிரமாகவே கருதி மறுபடியும் காட்ட வேண்டும் என்பதை அம்மாவிடம் சொல்லி வையுங்கள். முன்பு பார்த்ததில் ஒன்றுமில்லை என்ற நினைப்பில் அவர் மீண்டும் உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.